எந்த இதழை யார் திறந்தார்கள்? ‘ஒரே நாடு ஒரே சந்தா’ குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம்.

அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கெல்லாம் ஆய்விதழ்களை மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டி வாங்கித் தரும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் கொடுத்தபோது நான் ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தேன். 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 மின்னிதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள், மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். நாற்பது ஜர்னலுக்குப் பணம் போதாமல் முப்பதாகக் குறைத்துக்கொண்ட கல்லூரி நூலகர் நான். சந்தோஷப்படாமல் எப்படி இருக்க முடியும்?

சந்தோஷம் அடங்கியதும் நூலகர் புத்தி விழித்துக்கொண்டது. இந்த 13,000 இதழ்களில் எவ்வளவைத் திறந்து பார்ப்பார்கள்? எந்தத் துறைக்காரர்கள், எந்த ஊர்க்காரர்கள்? முதல் கட்டம் 2027 டிசம்பரோடு முடிகிறது. அதற்குள் நீங்கள் பதிப்பகங்களோடு மறுபடி பேச உட்காருவீர்கள். அப்படி உட்காருவதற்கு முன்னால், இதழ்வாரியாகவும் பாடவாரியாகவும் எவ்வளவு படிக்கப்பட்டது என்கிற கணக்கைப் பொதுவில் வையுங்கள். இந்த மடலில் நான் கேட்கப்போவது அவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்று சொல்லக் கொஞ்சம் பழைய கதை வேண்டியிருக்கிறது.

மின்னிதழ் வராத காலத்தில் எங்கள் கல்லூரியில் ஒவ்வொரு அக்டோபரிலும் ஒரு சண்டை நடக்கும். சந்தா ஏஜென்ட் அடுத்த ஆண்டுக்கான விலைப்பட்டியலை அனுப்புவார். டாலர் ஏறியிருக்கும், இதழ்களின் விலையும் ஏறியிருக்கும், எங்களுக்கு ஒதுக்கிய தொகை மட்டும் போன வருஷத்ததாகவே இருக்கும். எதை வெட்டுவது? துறைத் தலைவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள்: “எங்க துறையில கை வைக்காதீங்க சார்.” ஒரு வருஷம் சலித்துப்போய், தாவரவியல் துறையின் பிஎச்.டி. ஆய்வேடுகள் சிலவற்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பின்பக்க மேற்கோள் பட்டியலைப் பார்த்து, ஒரு ஜர்னலுக்கு ஒரு அட்டை என்று போட்டு, அதன் பெயர் வரும்போதெல்லாம் ஒரு கோடு கிழித்தேன். பழைய கேட்லாக் அட்டைகளின் முதுகுதான், வேறென்ன. மூன்று நாளில் மேஜைமேல் ஒரு காட்சி உருவாயிற்று. ஏழெட்டு அட்டைகளில் கோடு போட இடமில்லை. அடுத்து ஒரு கட்டு, ஆளுக்கு நாலைந்து கோடுகளோடு. அப்புறம் மேஜை நிறைய ஒற்றைக் கோட்டு அட்டைகள். அவற்றை எண்ணி முடிப்பதற்குள் அலுத்துப்போயிற்று.

ஏதோ கண்டுபிடித்துவிட்டேன் என்றே நினைத்தேன். நூலக அறிவியல் படித்தபோது இதை ‘பிராட்ஃபோர்டு விதி’ என்ற பெயரில் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவன்தான் நான் என்பது ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது.

சாமுவேல் பிராட்ஃபோர்டு படிப்பால் வேதியியல்காரர். லண்டன் சயின்ஸ் மியூசியம் நூலகத்தின் தலைவராக இருந்தவர். அன்றைய கணக்கில் உலகில் ஆண்டுக்கு ஏழரை லட்சம் அறிவியல் கட்டுரைகள் வெளிவந்தன. அவற்றைச் சுருக்கித் தரச் சுமார் 300 சுருக்க இதழ்கள் இருந்தன. அப்படியும் இரண்டரை லட்சம் கட்டுரைகள்தான் அவர்கள் வலையில் விழுந்தன. மீதி எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்று தேடப் புகுந்தவர், தன் நூலகம் தொகுத்த இரண்டு நூற்பட்டியல்களை எடுத்துக்கொண்டார். ஒன்று பயன்முறைப் புவி இயற்பியல், இன்னொன்று எந்திரங்களுக்கான மசகு. 1934 ஜனவரியில் ‘இன்ஜினியரிங்’ என்ற வார இதழில் கணக்கை வெளியிட்டார்.

புவி இயற்பியலில் 326 இதழ்களில் 1,332 கட்டுரைகள் இருந்தன. நிறையக் கட்டுரை போட்ட இதழ் முதலில் வருமாறு வரிசைப்படுத்தினால், முதல் 9 இதழ்களிலேயே 429 கட்டுரைகள். அடுத்த 59 இதழ்களில் 499. மிச்சமிருந்த 404 கட்டுரைகள் 258 இதழ்களில் சிதறிக் கிடந்தன. முதல் குழுவில் ஒரு இதழுக்குச் சராசரியாக 48 கட்டுரை, நடுவில் எட்டரை, கடைசிக் குழுவில் ஒன்றரை. மசகுக் கணக்கும் இதே சாயல்தான்: 8 இதழ்களில் 110, அடுத்த 29 இதழ்களில் 133, பிறகு 127 இதழ்களில் 152.

இதிலிருந்து அவர் சொன்னது இதுதான். ஒரு பாடத்தின் கட்டுரைகளை ஏறக்குறைய மூன்று சம பங்காகப் பிரித்தால், ஒவ்வொரு பங்குக்கும் தேவைப்படும் இதழ்களின் எண்ணிக்கை ஒரே மடங்கில் பெருகிக்கொண்டு போகும். மசகில் அந்த மடங்கு சுமார் நான்கு, புவி இயற்பியலில் சுமார் ஐந்து. நான்கு என்றால் 8, 32, 128 என்று வரவேண்டும். வந்தது 8, 29, 127. ஐந்து என்றால் 9, 45, 225. வந்தது 9, 59, 258. முதலாவது கிட்டத்தட்ட பொருந்துகிறது, இரண்டாவது இழுத்துப் பிடித்தால்தான் பொருந்தும். இதற்குப் போய் ‘விதி’ என்று பெயர் வைத்தது கொஞ்சம் அதிகம்தான் என்பது என் எண்ணம். ஆனால் எந்தப் பாடத்தை எடுத்து எண்ணினாலும் இந்தச் சாய்வு வந்து நிற்கிறது என்பதில் சந்தேகமில்லை. தொண்ணூறு வருஷமாக எண்ணிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

ஏன் இப்படி ஆகிறது? பஸ் ஸ்டாண்டில் நாலு டீக்கடை இருந்தால் கூட்டம் இருக்கிற கடைக்குத்தானே நாம் போகிறோம். கூட்டம் இருந்தால் பால் புதிதாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. புவி இயற்பியல் கட்டுரை எழுதியவரும் அப்படித்தான் போகிறார். அந்தப் பாடத்தைப் படிப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள், மதிப்பிட ஆள் அங்கே இருக்கிறது, அவர் மேற்கோள் காட்டிய பத்துக் கட்டுரைகளும் அங்கே வந்தவைதான். சேர்ந்த இடத்திலேயே மேலும் சேர்வதை 1976ல் அறிவியல் வரலாற்றாளர் டெரெக் டி சோலா பிரைஸ் கணிதமாகவே எழுதிக் காட்டினார். இடம் கிடைக்காதவையும், இரண்டு துறைகளின் எல்லையில் நிற்பவையும் வெளியே சிதறுகின்றன.

சரி, இதற்கும் உங்கள் 6,000 கோடிக்கும் என்ன தொடர்பு?

பிராட்ஃபோர்டு கணக்கோடு நிறுத்தவில்லை. ஒரு தனித்துறை நூலகம் தன் பாடத்தை முழுசாகச் சேர்க்க வேண்டுமென்றால், கடைசி மூன்றில் ஒரு பங்குக்காக நூற்றுக்கணக்கான இதழ்களை வாங்கியாக வேண்டும், அது எந்தச் சின்ன நூலகத்தாலும் ஆகாது என்றார். ஆகவே எல்லா இதழ்களையும் ஒரே இடத்தில் சேர்க்கும் மைய நூலகம் வேண்டும். சுருக்கம் எழுதுவதையும் பாடவாரியாக இல்லாமல் இதழ்வாரியாகச் செய்ய வேண்டும் என்றார். அந்தக் கண்ணோடு பார்த்தால் உங்கள் திட்டம் அவர் கேட்டதேதான். தனித்தனியாக ஒவ்வொரு கல்லூரியும் வாலை, அதாவது கடைசியில் சிதறிக் கிடக்கும் அந்த இதழ்களை, பிடிக்க முடியாது, நாடு சேர்ந்து பிடிக்கலாம். அந்த விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன்.

ஆனால் பிராட்ஃபோர்டு காலத்தில் இதழ்களை ஒவ்வொன்றாகத்தான் வாங்கினார்கள். 1990களின் நடுவில் பதிப்பகங்கள் தங்கள் இதழ்கள் அத்தனையையும் ஒரே மூட்டையாகக் கட்டி விற்கத் தொடங்கின. அமெரிக்க நூலகர் கென்னத் ஃபிரேசியர் 2001ல் அதற்கு ‘பிக் டீல்’ என்று பெயர் வைத்து, இதில் மாட்டாதீர்கள் என்று எச்சரித்தார். மூட்டையின் விலை, அந்த நூலகம் அச்சு இதழ்களுக்கு முன்பு எவ்வளவு செலவழித்தது என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் முடிவானது. எவ்வளவு படிக்கப்படுகிறது என்பதை வைத்து முடிவாகவில்லை. விற்பவருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. வாலில் கிடக்கும் இதழ் ஒவ்வொன்றையும் மூட்டைக்குள் போட்டு எண்ணிக்கையை ஏற்றிக் காட்டலாம். ஐந்து பெரிய பதிப்பகங்களின் கையில் 2013ல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளில் பாதிக்கு மேல் இருந்தன என்று வின்சென்ட் லாரிவியேர் குழுவினர் 2015ல் எண்ணிக் காட்டினார்கள். நாம் பேரம் பேசுவது இவர்களோடு.

உங்கள் அறிவிப்பிலும் முதலில் கண்ணில் படுவது 13,000தான். ஒதுக்கீட்டை அப்படியே வகுத்துப் பார்த்தால் ஒரு இதழுக்கு ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் ரூபாய் வருகிறது. இந்தச் சராசரியை வைத்து மலிவு என்றும் சொல்லலாம், கொள்ளை என்றும் சொல்லலாம். 48 கட்டுரை போட்ட இதழையும் ஒன்றரைக் கட்டுரை போட்ட இதழையும் ஒரே தராசில் வைத்த சராசரி எதையும் சொல்லாது.

நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் 2020 ஏப்ரலில் என்ன செய்தது என்பதை நீங்களே அறிவீர்கள். எல்சேவியர் என்ற பெரிய பதிப்பகத்திடம் வாங்கிய மூட்டையில் சுமார் 2,200 இதழ்கள். பேரம் படியவில்லை. மூட்டையை விட்டுவிட்டு 248 இதழ்களை மட்டும் தனியாக வாங்கினார்கள். எந்த 248 என்று அவர்களால் சொல்ல முடிந்தது, ஏனென்றால் இதழ்வாரியான கணக்கு கையில் இருந்தது. மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு நம் பயன்பாடு நம்மைவிட நன்றாகத் தெரியும். நமக்கும் தெரிந்தால்தான் அது பேரம்.

இந்த இடத்தில் ஒரு பயம் வருகிறது. நான் கேட்கும் கணக்கை வாங்கி, “ஆஹா, பத்தில் ஒன்பது இதழ் தேவையில்லை போலிருக்கிறதே” என்று யாராவது நிதித்துறையில் கத்தியைத் தூக்கிவிடக் கூடாது. மேற்கோள் அட்டவணையை உருவாக்கிய யூஜின் கார்ஃபீல்டு 1971ல் சொன்னதை அந்த அதிகாரிக்கு எடுத்துச் சொல்லுங்கள். ஒரு துறையின் இதழ்களை வால்நட்சத்திரமாக நினைத்துக்கொண்டால், தலையில் மைய இதழ்கள், வாலில் சிதறியவை. ஒரு துறையின் வாலில் கிடக்கும் இதழ், பெரும்பாலும் இன்னொரு துறையின் தலையில் இருக்கும். என் மேஜையில் ஒற்றைக் கோடு வாங்கிய அட்டைகளைத் திரும்பிப் பார்த்தபோது அது புரிந்தது. தாவரவியல்காரர் ஒரே ஒரு முறை மேற்கோள் காட்டிய மண்ணியல் இதழ், வேளாண்மைக் கல்லூரியில் தினமும் புரட்டப்படும் இதழ். அதிகம் திறக்கப்பட்ட இதழ் முதலில் வருமாறு அடுக்கி, தேசம் முழுவதற்கும் ஒரே வளைவு போட்டால் வேதியியலும் மருத்துவமும் தலையைப் பிடித்துக்கொள்ளும்; கால்நடை மருத்துவமும் மொழியியலும் தொல்லியலும் வாலில் காணாமல் போகும். பாடவாரியாகக் கேட்பது அதற்காகத்தான்.

எங்கள் தொழிலுக்கு 1924ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வந்து சேர்ந்த ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. கணித வாத்தியாராக இருந்து நூலகரானவர் அவர். 1948ல் இங்கிலாந்தில் லீமிங்டன் ஸ்பாவில் நடந்த மாநாட்டில், நூலக வேலையைப் புள்ளியியலால் அளக்க ‘லைப்ராமெட்ரி’ என்று ஒரு துறையே வேண்டும் என்று பேசினார். அளக்கச் சொன்னவரும் அவர்தான், ஒற்றை வாசகரை விடாதே என்றவரும் அவர்தான். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்வதில் எனக்குச் சிக்கல் இருந்ததில்லை.

வால் இதழ்களுக்கு முழுச் சந்தா கட்டுவதைவிட, கட்டுரைக்குக் கட்டுரை வாங்கித் தருவது பல நேரம் மலிவு. இதுவும் புதிதல்ல. சயின்ஸ் மியூசியம் நூலகத்தில் பிராட்ஃபோர்டுக்குப் பின்னால் வேலை செய்த டொனால்டு அர்குஹார்ட் 1956ல் வந்த இரவல் வேண்டுகோள்கள் 53,000க்கு மேல் எண்ணிப் பார்த்தார். இதழ்களில் ஒரு சிறு பகுதியே 80 சதவீத வேண்டுகோள்களைத் தீர்த்தது. வாலில் இருந்தவற்றை அவர் தூக்கி எறியவில்லை. கேட்ட கட்டுரையைக் கேட்டவருக்கு அனுப்பி வைக்கிற தேசிய இரவல் நூலகத்தை இங்கிலாந்தின் பாஸ்டன் ஸ்பாவில் உருவாக்கினார். நம் நாட்டில் 1952ல் டெல்லியில் தொடங்கிய இன்ஸ்டாக் என்ற தேசிய அறிவியல் ஆவண மையம் இதைத்தான் செய்தது. கார்டு போடுவேன். சில வாரங்களில் பழுப்பு உறையில் ஜெராக்ஸ் பிரதி வரும். ஆய்வு மாணவி ஒருவர் அந்த உறையை வாங்கிக்கொண்டு, பிரிக்காமலேயே ஒரு நிமிஷம் கையில் வைத்துக்கொண்டிருந்தது இன்னும் நினைவிருக்கிறது. 6,000 கோடியில் ஒரு சின்னத் துண்டை இந்த வேலைக்கு ஒதுக்கினால் என்ன? எவ்வளவு பெரிய துண்டு என்பதை வளைவைப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

இன்னொரு பயம், நம் நாட்டுக்கே உரியது. நம்மிடம் எந்தப் பட்டியல் வந்தாலும் அது பதவி உயர்வுப் பட்டியலாகிவிடும். ஏற்கத்தக்க ஆய்விதழ்கள் இவை என்று பல்கலைக்கழக மானியக் குழு போட்ட கேர் பட்டியல் 2018ல் அறிவிக்கப்பட்டு, 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டதைப் பார்த்தோம். ‘அதிகம் திறக்கப்பட்ட இதழ்கள்’ என்று நீங்கள் வெளியிட்ட மறுநாளே ஏதாவது ஒரு பல்கலைக்கழகம் அதற்கு மதிப்பெண் போட ஆரம்பிக்கும். அதனால் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்: மைய இதழ் என்றால் அந்தப் பாடத்தில் நிறையக் கட்டுரை இருக்கிற இதழ், நல்ல இதழ் என்று பொருளல்ல. இதழின் பெயரை வைத்துக் கட்டுரையை எடைபோடுவதும் சரிவராது. பெர் செக்லன் 1992லேயே காட்டியபடி, அதிகம் மேற்கோள் பெற்ற 15 சதவீதக் கட்டுரைகளே மொத்த மேற்கோள்களில் பாதியை வாரிக்கொண்டுவிடுகின்றன. இதழ்களுக்கு இடையே இருக்கிற அதே சாய்வு ஒவ்வொரு இதழுக்கு உள்ளேயும் இருக்கிறது.

கணக்கைப் பொதுவில் வைப்பது நடக்காத காரியம் என்று சொல்லிவிடாதீர்கள். கவுன்ட்டர் என்ற பெயரில் 2002ல் தொடங்கிய ஏற்பாட்டின்படி, எந்த இதழ் எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதை ஒரே வடிவில் மாதந்தோறும் தரப் பெரிய பதிப்பகங்கள் பழகி வெகுகாலமாயிற்று. சொல்ல வெட்கமாக இருந்தாலும் இன்னொரு உதாரணமும் உண்டு. ஆய்வுக் கட்டுரைகளைக் காசில்லாமல் தரும் சை-ஹப் என்ற திருட்டுத் தளத்தின் நிறுவனர் தன் ஆறு மாதப் பதிவேட்டைக் கொடுக்க, ‘சயின்ஸ்’ இதழ் 2016ல் அதை அலசி எழுதியது. 2 கோடியே 80 லட்சம் பதிவிறக்கங்களில் இந்தியாவிலிருந்து போனவை 34 லட்சம். நம் ஆய்வாளர்கள் என்ன படிக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள உலகத்துக்குக் கிடைத்த பெரிய ஆவணங்களில் அதுவும் ஒன்று. காசு கொடுத்து வாங்குகிற நாம் அதைவிட நல்ல ஆவணத்தைக் கொடுக்க வேண்டாமா?

கடைசியாக, வளைவின் நுனி. பிராட்ஃபோர்டு கணக்கை மடக்கை (லாக்) அளவில் வரைந்தால் நடுப்பகுதி நேர்கோடாகப் போகும். அந்தக் கோடு கடைசியில் கொஞ்சம் தொய்ந்து விழுவதை 1967ல் ஓலே க்ரூஸ் என்பவர் சுட்டிக்காட்டினார். அந்தத் தொய்வுக்கு ஒரு விளக்கம், தேடியவர்கள் போதுமான அளவு தேடவில்லை, சில இதழ்கள் பட்டியலுக்குள்ளேயே வரவில்லை என்பது. அது மட்டும்தான் காரணமா என்பதில் வாதம் இருக்கிறது. எனக்கு அந்த விளக்கம் பிடித்திருப்பதற்குக் காரணம் என் அனுபவம். தமிழ்க் கல்வெட்டுகள் பற்றியோ, ஒரு மாவட்டத்தின் ஏரிப் பாசனம் பற்றியோ எழுதுபவர் தேடும் கட்டுரைகள் 30 பதிப்பகங்களின் மூட்டையில் பாதிகூட இருக்காது. ஊர்ச் சங்கங்களும் சின்னத் துறைகளும் நடத்தும் இதழ்களில் இருக்கும். உலக வளைவின் நுனியில் தொய்ந்து கிடப்பவை அவருடைய வளைவில் தலைப்பக்கம். அவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் வைக்க ஆகும் செலவு, அந்த 15 லட்சம் சராசரிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடிய தொகைதான். இதையும் ஒரு ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

கணக்கை அழகான அறிக்கையாக அச்சடிக்க வேண்டியதில்லை. படங்கள், முன்னுரை எதுவும் வேண்டாம். இதழின் பெயர், பதிப்பகம், பாடம், எந்த வகை நிறுவனத்திலிருந்து திறக்கப்பட்டது, ஆண்டுக்கு எத்தனை முறை. ஐந்து நெடுவரிசைகள் உள்ள ஒரு எக்செல் கோப்பு போதும். ஒரு முறைகூடத் திறக்கப்படாத இதழ்களையும் பூஜ்யம் போட்டு அதில் சேர்த்துவிடுங்கள். அவற்றை விட்டுவிட்டால் வாலின் நீளம் தெரியாது. வரிசைப்படுத்துவதையும் வளைவு வரைவதையும் நாட்டிலுள்ள நூலகர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு அரசு கல்லூரி நூலகர்